எதிரே இருப்பது யார்?

குரல் கலையைப் பற்றி இந்த வரிசையில் பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். மூச்சை எப்படிப் பிடிப்பது, மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, உதட்டசைவுக்கு வசனத்தை எப்படிப் பொருத்துவது, எல்லாம் சொல்லியாயிற்று. அதற்குள் நான் போகவில்லை. எனக்கு ஓர் ஆற்றாமை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இன்றைக்கு எந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் கால் வைத்தாலும் காதில் விழுவது ஒரே கட்டளை: "பேஸ் ஏத்துங்க", அதாவது குரலைத் தாழ்த்திக் கனமாக்குங்கள். நகைக்கடை விளம்பரத்துக்கும் பேஸ், ஆவணப்படத்துக்கும் பேஸ். கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லும் அறிவிப்புக்குக்கூட அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். நல்ல குரலோடு வருகிற பிள்ளைகள், வந்த சில மாதங்களிலேயே தங்கள் குரலைத் தொலைத்துவிட்டு எல்லாரும் ஒருவராகிப் போகிறார்கள். வயிறு எரிகிறது எனக்கு.

நான் வானொலியில் சேர்ந்த காலத்தில் மூத்த அறிவிப்பாளர் ஒருவர் இருந்தார். புதிதாக வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார். அணைகளின் நீர்மட்டத்தை வாசித்துவிட்டு நான் வெளியே வந்ததும் கேட்டார்: "நல்லா இருந்துச்சும்மா. யாருக்கு வாசிச்சே?" பிறகு அவரே சொன்னார்: "நாளைக்கு நாத்து நடலாமா வேணாமான்னு ஒருத்தன் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். அவனுக்கு வாசி." எதிரே இருப்பது யார்? இந்தத் தொழிலின் கேள்வி அதுதான். மறுபடியும் சொல்கிறேன்: எதிரே இருப்பது யார்?

இந்தக் கேள்விக்குத் தொழில் வாழ்க்கை முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். டோனா பர்க். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்காரர். 1996இல் டோக்கியோவுக்குப் போனவர், அங்கேயே குரல் நடிகையாகவும் பாடகியாகவும் நிலைத்துவிட்டார். பெயர் தெரியாவிட்டாலும், ஜப்பானுக்குப் போய் வந்த உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டிருக்கக்கூடும். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடுகிற டோக்கைடோ ஷின்கான்சென் புல்லட் ரயிலில், ஜப்பானிய அறிவிப்பு முடிந்ததும் ஆங்கிலத்தில் வரவேற்கிற குரல் அவருடையது.

அயல்நாட்டில் அயல்மொழிக் குரலாக வேலை பார்ப்பதில் ஒரு விசேஷம் உண்டு. ஆங்கிலம் பேசி நடிக்கத் தெரிந்தவர்கள் டோக்கியோ மாதிரி ஊரில் குறைவு. அதனால் ஒரே ஆள் ரயிலுக்கும் பேச வேண்டும், வீடியோ விளையாட்டுக்கும் பேச வேண்டும், பாடவும் வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்திருந்தால் ஒரு சிமிழுக்குள் அடைத்திருப்பார்கள். டோனா பர்க்கை டோக்கியோ அடைக்கவில்லை.

அவரை நான் கண்டுகொண்டது ரயிலில் அல்ல. என் அக்கா மகன் கூடத்தில் உட்கார்ந்து 'சைலண்ட் ஹில் 2' என்ற பழைய விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். 2001இல் கொனாமி நிறுவனம் வெளியிட்டது. திகில் கதை. அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எனக்குத் திரை தெரியாது, குரல் மட்டும் கேட்டது. ஒரு பெண் பேசினாள். கீரையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொல்லி அவன் பொறுமையைச் சோதித்தேன்.

டோனா பர்க்கின் குரலில் பேசிய அந்தப் பெண்ணின் பெயர் ஏஞ்சலா. பதின்வயதின் கடைசிப் படியில் நிற்பவள், பெற்ற தகப்பனாலேயே சிதைக்கப்பட்டவள், அம்மாவைத் தேடி சைலண்ட் ஹில் என்ற ஊருக்கு வந்தவள். கதாநாயகன் ஜேம்ஸ் அவளைக் கடைசியாகப் பார்ப்பது தீப்பற்றி எரியும் ஒரு மாடிப்படியில். இந்த ஒரு காட்சியைத்தான் நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். வேறெதுவும் வேண்டாம், இது போதும்.

கேளுங்கள். முதலில் அவள் ஜேம்ஸை அம்மா என்று நினைத்துக்கொள்கிறாள். தேடித் தேடிக் கடைசியில் கிடைத்துவிட்ட அம்மா. அப்போது அந்தக் குரலில் சின்னக் குழந்தையின் அவசரம் இருக்கிறது. குழந்தை மாதிரிக் கீச்சிடுவதில்லை, சுருதி ஏறுவதில்லை. குரல் அதேதான். பேசுவது அம்மாவிடம், அவ்வளவுதான். பிறகு அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, இது அம்மா இல்லை, ஜேம்ஸ் என்கிற ஆண். ஆண் என்று தெரிந்த நொடியில் குரல் ஓர் அடி பின்வாங்குகிறது. மன்னிப்புக் கேட்கிறாள், முன்பு தன்னைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறாள், காப்பாற்றாமலே விட்டிருக்கலாம் என்கிறாள். நீ என்னை நேசிப்பாயா, பார்த்துக்கொள்வாயா என்று கேட்கும்போது கேள்வியிலேயே கசப்பு. பதில் வராது என்று தெரிந்து கேட்கிற கேள்வி அது. கடைசியில், அவனுக்குச் சூடாக இருக்கிற அந்தத் தீ தனக்கு எப்போதும் எரிவதுதான் என்று சொல்லிவிட்டுப் படியேறுகிறாள். அந்தக் கடைசிப் பேச்சு யாரிடமும் இல்லை. அம்மாவிடம் பேசினாள், ஆணிடம் பேசினாள், இப்போது எதிரே ஒருவரும் இல்லை.

ஒரே காட்சி, ஒரே குரல், மூன்று எதிராளிகள். டோனா பர்க் குரலை மாற்றுவதில்லை. எதிரே இருப்பவரை மாற்றுகிறார். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே: குரலை மாற்றுவதில்லை, எதிரே இருப்பவரை மாற்றுகிறார்.

சின்னப் பெண்ணுக்கு இந்தக் குரல் முதிர்ச்சியாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெண்ணை முதுமை அடைய வைத்தது அவள் வீடு. அந்தக் களைப்பு குரலில் இல்லாவிட்டால் ஏஞ்சலா இல்லை. 2012இல் இந்த விளையாட்டை மெருகேற்றி மறுவெளியீடு செய்தபோது புதிய நடிகர்களைப் பேச வைத்தார்கள். ஆனாலும் பழைய குரல்களையே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதியையும் வைக்க வேண்டியிருந்தது. 2024இல் முழு விளையாட்டையும் புதிதாகவே எடுத்தார்கள், புதிய ஏஞ்சலாவும் திறமைசாலிதான். எனக்கு அந்தப் பழைய படிக்கட்டுதான் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பழைய விளையாட்டில் ஜேம்ஸாகப் பேசிய கை சிஹி தொழில்முறை நடிகரே இல்லை. டோக்கியோவில் இருந்த அமெரிக்கர். குழந்தைப் பாத்திரத்தின் தேர்வுக்குத் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், அவருக்கே வேலை கிடைத்தது. அவர் பேச்சில் இருக்கிற தடுமாற்றம் பழகாத மனிதரின் தடுமாற்றம். அந்த ஆளுக்கு எதிரே நின்றுதான் டோனா பர்க் இவ்வளவும் செய்தார்.

அடுத்த பாகத்தில், 2003இல், கிளாடியா என்ற மதவெறி பிடித்த பெண்ணாக வந்தார். நன்றாகவே செய்திருக்கிறார், ஆனால் ஏஞ்சலாவுக்குப் பக்கத்தில் நான் வைக்க மாட்டேன். அதைவிட எனக்குப் பிடித்தது 2004இல் வந்த 'நனோஹா' என்கிற அனிமேஷன் தொடர். ஒரு சிறுமியின் கையில் மந்திரக்கோல், அதற்கு ரெய்சிங் ஹார்ட் என்று பெயர். தொடர் ஜப்பானிய மொழியில், ஆனால் அந்தக் கோல் ஆங்கிலத்தில் பேசும். இயந்திரப் பேச்சு, எல்லாம் இரண்டு மூன்று சொற்கள். ஆனால் அந்தச் சொற்கள் ஒரு சிறுமியிடம் சொல்லப்படுகின்றன, அவளை நம்பிச் சொல்லப்படுகின்றன. இயந்திரம் என்றதும் உணர்ச்சியைத் துடைத்துவிட்டு மூக்கால் பேசுகிறவர்கள் அதைக் கேட்க வேண்டும்.

பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'மெட்டல் கியர் சாலிட்' விளையாட்டு வரிசையில் 2010இல் இவர் பாடியது ஒரு பாட்டு, 2015இல் இன்னொன்று. அந்த 2015 விளையாட்டில், வீரன் கையில் வைத்திருக்கும் கருவி சின்னச் சின்னத் தகவல்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதுவும் இவர் குரல்தான். தொண்டை கிழியப் பாடுவதும் இவரே, பக்கத்திலேயே பதற்றமில்லாமல் செய்தி சொல்வதும் இவரே. 'டோக்கியோ கூல்' தொடரில் 'கிளாசி ஸ்கை' என்று இவர் பாடிய பாட்டு இருக்கிறது, இரவில் தனியாகக் கேளுங்கள். கணவர் பில் பென்ஃபீல்டோடு சேர்ந்து டாக்மியூசிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மற்றக் குரல் கலைஞர்களுக்கும் வேலை தேடிக் கொடுக்கிறார். அது எனக்கு மிகவும் மரியாதைக்குரிய காரியம்.

இனி ரயிலுக்கு வருகிறேன். பலருக்கு இது கலையாகவே தெரியாது. டோக்கியோவிலிருந்து ஷின்-ஒசாகா வரை 515 கிலோமீட்டர், பதினாறு பெட்டி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். எதிரே இருப்பது யார்? பெட்டி தூக்கி அலுத்தவர், எழுத்துப் படிக்கத் தெரியாத ஊரில் இறங்குமிடம் தப்பிவிடுமோ என்று பயப்படுகிறவர். அவரிடம் கம்பீரம் காட்டுவதில் பொருளில்லை. குழைந்து பேசினால் அவர் நம்ப மாட்டார். ரயில் அறிவிப்புகளைத் துண்டு துண்டாகத்தான் பதிவு செய்வார்கள். ஊர்ப் பெயர் தனி, முன்வரி தனி, பின்வரி தனி. ஒட்டும்போது தையல் தெரியக் கூடாதென்றால் எல்லாத் துண்டுக்கும் ஒரே மூச்சு, ஒரே இறக்கம் வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். டோனா பர்க்கின் அறிவிப்பில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்கிற நிதானம் இருக்கிறது. டோக்கியோ நகரத்துக்குள் ஓடும் யாமனோதே ரயில் தடத்தில் ஆங்கில அறிவிப்பு கிறிஸ்டெல் சியாரியுடையது. கிதார் கலைஞர் க்ளோட் சியாரியின் மகள். அதுவும் தெளிவான குரல், ஆனால் என் காது புல்லட் ரயிலுக்குத்தான் திரும்புகிறது.

அந்த ரயிலில் சில ஆண்டுகளாக கண்டக்டர்களும் நேரடியாக ஆங்கிலத்தில் அறிவிக்கிறார்கள். ஜப்பானிய வாடையடிக்கிற, சில இடங்களில் தயங்குகிற ஆங்கிலம். அதைக் கேலி செய்து பேசுகிறார்கள், எனக்குக் கோபம் வருகிறது. அந்த மனிதர் தன் ரயிலில், தன் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற பயணியிடம் பேசுகிறார். டோனா பர்க்குக்கு அடுத்தபடியாக அந்தக் குரலைத்தான் என் மாணவர்களுக்குச் சிபாரிசு செய்வேன். பேஸ் ஏற்றச் சொல்கிறவர்களையும் ஒருநாள் அந்தப் பெட்டியில் உட்கார்த்தி வைக்க வேண்டும்.