கிராணி கொடுத்த போத்தல்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சு முடிந்தது. இனி மூட்டைப்பூச்சிப் பேச்சு. சிரிக்க வேண்டாம். ஸ்டோர்ச் சாவி என்னிடம் இருக்கிறது, குற்றமும் என்னுடையதே. சில ஆண்டுகளுக்கு முன் மருந்தடிக்கும் அண்ணன் ஒருவர், "தம்பி, கட்டிலெல்லாம் பூச்சி, கொஞ்சம் ஊற்றிக் கொடு" என்றார். ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தலில் மாலத்தியான் ஊற்றிக் கொடுத்தேன். வீட்டில் மெத்தை நனைய அடித்துவிட்டார்கள். அன்றிரவே கைக்குழந்தைக்கு வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கிவிட்டது. இந்த மருந்து தோல் வழியாகவும் ஏறும். "என்ன மருந்து?" என்று டாக்டர் கேட்டார். சொல்ல ஆளில்லை. லேபிள் ஸ்டோரில் கிடந்தது! நான் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழந்தை பிழைத்தது. அண்ணன் இன்றும் என்னைக் குறை சொன்னதில்லை, அதுதான் உறுத்துகிறது.

பாராகுவாட் இதைவிடக் கொடியது. அது களைக்கொல்லி, மூட்டைப்பூச்சிக்கு உதவாது. மனிதனுக்கோ ஒரு வாய் போதும். நுரையீரலைக் கெடுக்கும், மாற்று மருந்து கிடையாது. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதற்குத் தடை. பழைய போத்தல் எவர் அடுப்படியிலாவது இருந்தால் ஸ்டோரில் கொடுங்கள். பெயர் எழுத மாட்டேன்.

பூச்சிக்குக் கட்டில் இடுக்கில் கொதிநீர் ஊற்றுங்கள். துணியைக் கொதிநீரில் போடுங்கள். சுவர்ப் பலகை வெடிப்பை அடைப்பது நம் வேலையல்ல. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைப் பழுதுபார்க்க வேண்டியவர் முதலாளி. மனு எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் கலையுமுன் கையெழுத்துப் போடுங்கள்.