வாலிநோக்கத்தில் ஒரு ராத்திரி: எட்டு இஞ்ச் கண்ணாடிக்கு முதல் சோதனை

போன எபிசோடுல டெலஸ்கோப்புக்குக் கண்ணாடி தேய்ச்ச கதை சொன்னேன். எட்டு இஞ்ச், நாலு மாசம். அதை வானத்துக்குக் காட்டின கதை இன்னைக்கு.

முதல்ல தனுஷ்கோடிதான் மனசுல இருந்துச்சு. ஆனா பொழுது சாய்ஞ்சா அங்கே இருக்க விடமாட்டாங்க. அதனால மார்ச் மாச அமாவாசைக்கு வாலிநோக்கம் போனோம், மூணு பேர். தெற்கே முழுக்க மன்னார் வளைகுடா. படகு விளக்கைத் தவிர வெளிச்சம் இல்லை.

சிக்கல் வடக்கே இருந்துச்சு. கேமரா நிமிஷக்கணக்குல திறந்திருக்கணும்னா, டெலஸ்கோப் சுத்துற அச்சு வானத்தோட வடதுருவத்தைப் பார்த்து நிக்கணும். அதுக்கு அடையாளம் துருவ நட்சத்திரம். ஊரோட அட்சரேகை எத்தனை டிகிரியோ, அது அடிவானத்துலேர்ந்து அத்தனை டிகிரி உயரத்துலதான் இருக்கும். இங்கே வெறும் 9. பனைமரம் மறைச்சிருச்சு. அப்புறம் உச்சிக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சு, அது மேலே கீழே நகர நகர ஸ்டாண்டை இம்மி இம்மியா கிழக்கு மேற்காத் திருப்பி சரிபண்ணோம். ஒரு மணி நேரம் போச்சு.

எடுத்தவுடனே நெபுலாவைப் பிடிக்கக் கை துறுதுறுங்கும். பிடிக்காதீங்க. பிரகாசமான ஒரே ஒரு நட்சத்திரம் போதும். ஃபோகஸை உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் நகர்த்துங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வட்ட வளையம் தெரியணும்.

எங்களுக்குத் தெரிஞ்சது முக்கோணம்.

நாலு மாச உழைப்பும் வீண்னு நினைச்சேன். யாரும் பேசலை. அப்புறம்தான் உறைச்சுது: முக்கோணம்னா மூணு மூலை, கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற கிளிப்பும் மூணு! இறுக்கமா முடுக்கி கண்ணாடியையே நெளிச்சிருக்கோம். ஸ்க்ரூவை அரைச் சுத்து தளர்த்தினோம். வட்டம் வந்துருச்சு.

காவலூர்ல 1968ல வேலையைத் தொடங்கின 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பும் கொடைக்கானல் வானாய்வகத்தோட கொல்லைப்புறத்துல செஞ்சதுதான். வைனு பாப்பு காவலூரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம், அங்கேர்ந்து தென்வானம் நல்லாத் தெரியும்ங்கறது. வாலிநோக்கம் இன்னும் தெற்கே.

ஒன்றரை மணிக்கு ஒமேகா சென்டாரி கடலுக்கு மேலே 33 டிகிரியில நின்னுச்சு. லண்டன்காரங்களுக்கு அது உதிக்கவே உதிக்காது. கிட்டத்தட்ட 17,000 ஒளியாண்டு தூரத்துல, ஒரு கோடி நட்சத்திரம் ஒரே கொத்தா. முப்பது செகண்ட் வீதம் அறுபது படம் எடுத்தோம். ஓரத்துல நட்சத்திரத்துக்கெல்லாம் வால் முளைச்சிருக்கு. இந்த வகை டெலஸ்கோப்புக்கு அது பிறவிக்குணம். நடுவுல சர்க்கரை கொட்டின மாதிரி, தனித்தனியா.

மூணு மணிக்குக் கண்ணாடியில ஈரம் படிஞ்சுது. நண்பன் கைக்குட்டையை எடுத்தான். பாய்ஞ்சு கையைப் பிடிச்சுட்டேன். உப்பு ஈரத்தைத் தேய்ச்சா அலுமினியப் பூச்சு கீறிடும். மூடி எடுத்துட்டு வந்து, காலையில டிஸ்டில்டு வாட்டர் ஊத்திக் கழுவினோம்.