செய்நிரலும் அனுமதிப்பத்திரமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"உன் படிப்பைப் பற்றியே பேசு" என்று செயலாளர் கட்டளையிட்டார். கணினிப் படிப்பில் சபையை நித்திரையாக்காத பகுதி எதுவென்று யோசித்துப் பார்த்தேன். முடிவில், இப்பொழுது என் மனத்தை அலைக்கழிக்கும் ஒரு வழக்கையே கொண்டுவந்திருக்கின்றேன்.

சர்வகலாசாலை மாணவர் நாங்கள் மூவர் சேர்ந்து, வாசிகசாலையொன்றிற் புத்தகம் இரவல் கொடுத்து வாங்கும் கணக்கை வைத்திருப்பதற்கு ஒரு செய்நிரல் எழுதினோம். அது நன்றாகவே வேலை செய்கின்றது. வேறு வாசிகசாலைகளும் கேட்கின்றன. "கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதானே, இதில் என்ன வழக்கு?" என்பீர்கள். வழக்கு அங்கேதான் தொடங்குகின்றது.

செய்நிரல் என்பது, இன்னபடி செய் என்று கணினிக்கு மனிதர் வரிவரியாய் எழுதும் ஏவல். எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதற்கும் புத்தகத்துக்குப் போலவே பதிப்புரிமை வழங்குகின்றது. ஆகவே நாங்கள் ஒன்றுஞ் சொல்லாமல் அதனை நாற்சந்தியில் வைத்தாலும், பிரதிபண்ணவோ திருத்தவோ பிறருக்கு உரிமை உண்டாகாது. கொடுக்க விரும்புகின்றவன், கொடுத்தேன் என்று எழுதியே கொடுக்கவேண்டும். அவ்வெழுத்துத்தான் அனுமதிப்பத்திரம்.

அதில் என்ன எழுதுவது? இங்கேதான் நாங்கள் மூவரும் பிரிந்தோம். "இரவிரவாய் விழித்திருந்து எழுதியதை எவனோ விற்றுக் காசாக்குவதா? விற்கக்கூடாதென்று எழுது" என்றார் ஒரு நண்பர். நியாயமான பேச்சு. நானும் முதலில் அப்படியே நினைத்தேன். என் மனத்தை மாற்றியவர் எங்களைப் போன்ற இன்னொரு மாணவர்.

பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கிச் சர்வகலாசாலையில் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் படித்துக்கொண்டிருந்தார். வயது 21. கணினியின் உறுப்புக்களையெல்லாம் ஆட்டிவைப்பது பணிசெயல் முறைமை. அதன் கருவை அவர் எழுதினார். அதுவே லினக்ஸ். அவ்வருடம் செப்டெம்பரில் அதனை வெளியிட்டபோது அவர் வைத்த நிபந்தனை என்ன தெரியுமா? மூலநிரலோடு எவரும் பிரதிபண்ணிக் கொடுக்கலாம். ஆனால் காசு வாங்கலாகாது, கைச்செலவுக்குக்கூட வாங்கலாகாது என்பதே. கேட்பதற்கு எவ்வளவு தருமமாய் இருக்கின்றது! ஆனால் அக்காலத்தில் இவையெல்லாம் நெகிழ்தட்டுக்களிற் பதியப்பட்டே பெரும்பாலும் கைமாறின. தட்டுக்கு விலையுண்டு, பதிகின்றவனுக்கு நேரம் செலவாகும். அந்தச் செலவையாவது வாங்க விடுங்கள் என்று கேட்டார்கள். தமது தருமமே தமது நிரலின் காலைக் கட்டியதை அவர் கண்டுகொண்டார். 1992 பெப்ரவரி முதல் தமது நிபந்தனையைக் கைவிட்டுக் குனு பொது அனுமதிப்பத்திரத்தை ஏற்றார்.

இப்பத்திரம் அமெரிக்கராகிய ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1989இல் வெளியிட்டது. அது சொல்வது இதுதான்: எந்தத் தேவைக்கும் பயன்படுத்து, மூலத்தைப் படி, திருத்து, பிரதிபண்ணு, விற்கவும் செய். ஆனால் பிறர் கையிற் கொடுக்கும்போது, உன் திருத்தம் உட்பட மூலநிரலையும், உனக்குக் கிடைத்த அதே உரிமையையும் சேர்த்துக் கொடு. சுருங்கச் சொன்னால், விற்கலாம், பூட்டலாகாது. ஏட்டைப் பிரதிபண்ணக் கொடாது பெட்டியிற் பூட்டிய வீடுகளில் அது செல்லரித்துப்போன கதை இங்குள்ள பெரியோருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதன்று.

பின்னர் நடந்ததைப் பாருங்கள். 2001இல் ஐ.பி.எம். கம்பனி லினக்ஸுக்காக நூறு கோடி டொலர் செலவிடப் புறப்பட்டது. 2017 நவம்பர்ப் பட்டியலில், உலகின் அதிவேகக் கணினிகள் 500உம் லினக்ஸிலேயே இயங்கின. இலாபந்தேடி வந்தவர்களும் தங்கள் திருத்தங்களைப் பொதுவில் வைக்கும்படியாயிற்று. காசு வாங்கலாகாதென்ற பழைய வரி நின்றிருந்தால் இவர்கள் வாசற்படியையும் மிதித்திருக்கமாட்டார்கள்.

தூரதேசக் கதையென்று தள்ளவேண்டாம். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்தபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருட்களையும் பதிந்துவைக்க, இந்நாட்டுக் கணினியாளர்கள் தொண்டர்களாய்க் கூடி 'சஹானா' என்ற நிரலை எழுதினார்கள். சஹானாவும் கட்டற்ற மென்பொருள். 2005இல் பாகிஸ்தானிற் பூமியதிர்ச்சி ஏற்பட்டபோது அது அங்கே உதவிக்குப் போயிற்று. இடிபாட்டின் நடுவே நிற்கின்றவன் விலைபேசவும் கடிதமெழுதி அநுமதி கேட்கவும் எங்கே போவான்?

நண்பருடைய பயத்தில் உண்மை இல்லாமலில்லை. பத்திரத்தோடு ஒருமுறை கொடுத்தால், பெற்றவரிடமிருந்து அவ்வுரிமையை நம் மனம்போல மீட்க முடியாது. திருத்தியதைப் பிறருக்குக் கொடாமல் தன்னளவில் வைத்துப் பயன்பெறுகின்றவனையும் இப்பத்திரம் கட்டுப்படுத்தாது. யாரோ ஒருவன் எங்கள் நிரலை ஒரு வாசிகசாலைக்கு விற்று நல்ல தொகை வாங்கினால் எனக்கும் வயிறெரியத்தான் செய்யும். ஆயினும் அந்த வாசிகசாலையின் கைக்கு மூலநிரலும் வந்திருக்கும். அடுத்தமுறை பழுதானால் அவனையே தேடி ஓடவேண்டியதில்லை, ஊரிலுள்ள எந்தப் பிள்ளையும் திறந்து பார்க்கலாம்.

கூட்டாக எழுதியதற்கு உரிமையாளர் எல்லோரும் உடன்படவேண்டும். மூவரில் இருவர் ஒப்பமிட்டுவிட்டோம். மூன்றாமவர் அதோ, பின்வரிசையில் யன்னலோரமாய் இருக்கின்றார். அவரைக் கேளாமல் அவருடைய வழக்கை இங்கே விரித்ததற்கு அவர் என்னை மன்னிக்கவேண்டும். கடதாசி என் சட்டைப்பையில் இருக்கின்றது. தேநீர் வேளையில் அவரிடம் போவேன்.