அரங்கைக் கட்டுதலும் காத்தலும்



2025 ஆம் ஆண்டு செப்தெம்பர் முதலாந் திகதி, மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட அரங்கொன்றுக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். யாழ்ப்பாணத்தார் பலர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி இயல்பானதே. மத்திய கல்லூரியும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு தொடக்கம் பொருதிவரும் துடுப்பாட்டச் சமரை மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்துப் பழகிய ஊர் அல்லவா இது! ஆயினும், உலகப் பந்தயங்களுக்கு இடங்கொடுக்கும் ஊரின்மேல் விழுகின்ற செலவைக் குறித்து இன்று சிறிது பேச விரும்புகின்றேன்.

நம் கோயில்களிலே திருவிழாவுக்கு உபயகாரர் உண்டு. இன்ன நாள் இன்னாருடையது, மேளமும் சாத்துப்படியும் அன்னதானமும் எவ்வளவு ஆகுமென்பது அவருக்குத் தெரியும், பணமும் அவரதே. உலகப் பந்தயங்களிலோ ஒப்பந்தத்திற் கையெழுத்திடுபவர் ஒருவர், செலவைச் சுமப்பவர் வேறொருவர். அனுமதி பெறும்வரை மதிப்பீடு சிறிதாகவே காட்டப்படும். பந்தய நாளோ தள்ளிப்போட முடியாத முகூர்த்தம் போன்றது. நாள் நெருங்க நெருங்க ஒப்பந்தக்காரர் கேட்ட விலையைக் கொடுப்பதன்றி வேறு வழியில்லை. கலியாணத்துக்கு முதல்நாள் பந்தற்காரனோடு பேரம் பேசியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கனடாவின் மொன்றியல் நகரம் 1976 இல் ஒலிம்பிக் விழாவை நடத்தியது. பதினாறு நாள் விழா அது. அரங்கின் கடன் தீர்ந்ததோ 2006 இல். புகையிலைமீது விதித்த வரியும் அதற்குச் சென்றது. 1976 இல் பிறந்திராத பிள்ளைகளும் வளர்ந்து அந்த வரியைச் செலுத்தினார்கள். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம், 2026 ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிக்கு 2.6 பில்லியன் டொலர் போதுமென்று எண்ணியது. கணக்கு 6 பில்லியனைத் தாண்டவே 2023 யூலையில் விலகிக்கொண்டது. விலகியதற்கு நட்டஈடு மட்டும் 380 மில்லியன் டொலர்!

செல்வ நாடுகளின் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நமது தீவிலேயே 2011 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்காகக் கொழும்பு பிரேமதாச அரங்கு திருத்தப்பட்டது. பல்லேகலை அரங்கு ஆயத்தமாயிற்று. அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவவில் 35,000 பேர் அமரும் புதிய அரங்கு எழுந்தது. சூரியவெவவில் நடைபெற்ற உலகக் கிண்ண ஆட்டங்கள் இரண்டே. அதன் பின்னர் சர்வதேச ஆட்டம் அங்கு அரிதாயிற்று. துடுப்பாட்ட நிர்வாகம் கடனில் மூழ்க, இறுதியாட்டம்வரை சென்ற வீரர்களுக்கே மாதக்கணக்கில் ஊதியம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில், 2018 ஆம் ஆண்டுப் பொதுநலவாயப் போட்டியை அம்பாந்தோட்டைக்குக் கேட்டு, 27 வாக்குகள் பெற்று, 43 வாக்குகள் பெற்ற கோல்ட் கோஸ்ற் நகரிடம் தோற்றோம். அத்தோல்வி நமது திறைசேரிக்கு வாய்த்த நற்பேறு என்பது என் துணிபு. 2022 ஏப்ரலிலே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அறிவித்த நாடு, அந்தச் சுமையையும் தாங்கியிருக்குமா?

மண்டைதீவுக்கு வருவோம். ஆறில்லாத குடாநாடு நம்முடையது. சுண்ணக்கல்லின் அடியிலே, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே நமது செல்வம். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். தீவுப்பகுதிகளில் நன்னீரின் அருமையைத் தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு காத்திருந்த தாய்மார் அறிவர். பந்தயம் நடந்தாலும் நடவாவிட்டாலும் அரங்கின் புற்றரை நீர் கேட்கும். அந்நீர் எங்கிருந்து வரும்? கடற்காற்றில் துருப்பிடிக்கும் இரும்புக்கு ஆண்டுதோறும் வர்ணம் பூசுபவர் யார்?

பழைய துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2016 யூனில் திறக்கப்பட்டது. பட்டணத்தின் நடுவே, பிள்ளைகள் நடந்தே சென்று ஓடியாடத்தக்க இடம் அது. மண்டைதீவு அரங்கும் அவ்வாறு நாள்தோறும் பயன்படுமாயின் எதிர்ப்பார் எவருமிலர். ஆனாற் கட்டுமானச் செலவைச் சொல்லுகின்ற ஏட்டிலேயே, முதற் பத்தாண்டுக்குரிய நீர், மின்சாரம், காவல், பராமரிப்பு ஆகியவற்றின் செலவையும், அதைச் செலுத்தப்போகின்றவர் பெயரையும் எழுதி, யாழ்ப்பாணத்து மக்கள் வாசிக்கத்தக்கதாய்த் தமிழில் வெளியிடும்படி நாம் கேட்கவேண்டும். மண்டைதீவில் முதற் பந்து வீசப்படுவதற்கு முன்னரே அந்த ஏடு நம் கைக்கு வரவேண்டும்.