பங்குனி ஆமைக்கு எது பங்குனி?



ஆமையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நம் நூலக வாசகர் வட்டத்தின் செயலாளர் ஐயாவின் முகம் சற்று மாறிவிட்டது. "ஆமை புகுந்த வீடு உருப்படாதே, கூட்டம் என்ன ஆகுமோ!" என்றார். ஐயா, ஆமை புகுந்த வீடு இருக்கட்டும். ஆமையின் வீட்டுக்குள் நாம் புகுந்தோமே, அது என்ன ஆயிற்று என்று இன்று பார்ப்போம்.

சென்னைக் கரையில் முட்டையிட வரும் ஆமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர். அதன் நிறத்தையோ அளவையோ பார்த்து வைத்த பெயர் அல்ல இது. மாதத்தைப் பார்த்து வைத்த பெயர். கார்த்திகைப் பூ, ஆடிப்பட்டம், மார்கழிப் பனி என்று நம் பேச்சுக்குள்ளேயே ஒரு நாட்காட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

தை தொடங்கிப் பங்குனி வரை, இரவில் இந்த ஆமை கரையேறுகிறது. குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு அடைகாப்பது யார்? மணல்தான். 45 முதல் 60 நாள் வரை மணலின் சூடுதான் அந்த முட்டைகளுக்குத் தாய்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடே முடிவு செய்கிறது. கரு வளரும் நடுக்கட்டத்தில் மணல் 30 டிகிரி செல்சியசை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். குளிர்ந்தால் ஆண் மிகும், சுட்டால் பெண் மிகும். 35 டிகிரியைத் தாண்டி நீடித்தாலோ குஞ்சு பிழைப்பதே அரிது. தையில் இட்ட முட்டைக்குக் குளிர்ந்த மணல் கிடைக்கிறது. பங்குனியில் இட்டதற்குச் சித்திரை வெயில். அந்தச் சித்திரை வெயில் ஆண்டுக்கு ஆண்டு ஏறினால்?

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் வாழும் பேராமைகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. வளர்ந்த ஆமைகளில் சுமார் 87 விழுக்காடு பெண். இளசுகளிலோ 99 விழுக்காட்டுக்கும் மேல் பெண்! நாளை அந்தக் கடலில் மாப்பிள்ளைக்கு எங்கே போவது?

"சூடு கூடினால் முன்னாலேயே வந்து முட்டையிட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். சில ஆமைகள் அப்படியும் செய்கின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் 1989 முதல் 2003க்குள் பெருந்தலை ஆமைகள் ஏறக்குறைய பத்து நாள் முந்திவிட்டன. ஆனால் எல்லா உயிரும் ஒரே கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நெதர்லாந்தில் கூடு கட்டும் ஓர் ஈப்பிடிப்பான் குருவி குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. பகலின் நீளத்தைப் பார்த்து அங்கிருந்து கிளம்புகிறது. பகலின் நீளம் மாறவில்லை. ஆனால் அது குஞ்சுக்கு ஊட்டும் புழுக்கள் வெயிலைப் பார்த்து வருபவை, அவை முந்திவிட்டன. குருவி வந்து குஞ்சு பொரிப்பதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று. புழு மிக முந்திய காடுகளில் இந்தக் குருவி சுமார் 90 விழுக்காடு குறைந்துபோனது.

ஃபுளோரிடா ஆமைகள் பத்து நாள் முந்தியது நமக்கு எப்படித் தெரிந்தது? யாரோ தேதியை எழுதி வைத்ததால் தெரிந்தது. நம் ஊரிலும் 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் மணலில் நடந்து ஆமைத் தடத்தைத் தேடுகிறார்கள், முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள், கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கால்கள் நடந்திராவிட்டால் நம் கரையைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் வெறும் ஊகம்தான்.

ஆகவே இரண்டே இரண்டு வேண்டுகோள். கரையோரம் வீடு வைத்திருப்பவர்கள் தை முதல் வைகாசி வரை கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிடுங்கள். பொரித்து வரும் குஞ்சு, வெளிச்சம் இருக்கும் பக்கத்தைத்தான் கடல் என்று நம்பி ஓடும். இரண்டாவது, இந்த நூலகத்தில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வையுங்கள். வாசல் கொன்றை பூத்த நாள், குயிலின் முதல் கூவல் கேட்ட நாள், வலைக்குப் போகும் அண்ணன்மார் முதல் ஆமைத் தடம் கண்ட நாள். நாள், இடம், பார்த்தவர் பெயர், அவ்வளவு போதும்.

பங்குனி ஆமை என்று பெயர் வைத்தவர்கள் கையில் நோட்டு இல்லை, பெயரிலேயே தேதியைப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தத் தேதி இன்னும் சரிதானா என்று சரிபார்க்கும் முறை நம்முடையது. அடுத்த மாதம் தை. செயலாளர் ஐயாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், முதல் வரியை அவரே எழுதட்டும். ஆமை புகுந்த நூலகம் உருப்படும் ஐயா, பயப்படாதீர்கள்!