விடியும்வரை காத்திராத காய்ச்சல்

தேயிலைத் தோட்டங்களிலே காய்ச்சலுக்கு நாம் கொடுக்கும் முதல் மருந்து பொறுமை. கொத்தமல்லிக் குடிநீர், ஒரு பனடோல் குளிசை, ஒரு கம்பளி. விடிந்தும் தணியாவிட்டாற்றான் டிஸ்பென்சரி. பல காய்ச்சல்கள் அவ்வளவிலே தணிந்தும் விடுகின்றன. ஆயின், ஒருசாரார்க்கு இப்பொறுமையே உயிருக்கு உலையாகிவிடும்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு பதுளையிலிருந்தோ மகரகமையிலிருந்தோ வீடு திரும்பியவர்களே அவர்கள். அம்மருந்து புற்றை அழிப்பதோடு, எலும்பு மச்சையையும் தாக்குகின்றது. ஆதலால், பெரும்பாலும் மருந்தேற்றிய 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில், கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்துவிடும். அவற்றுள் முதன்மையான நியூட்ரோபில் கலங்கள் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் 500க்குக் கீழ் இறங்கினால் ஆபத்துப் பெரிது.

சீழும் வீக்கமும் அக்கலங்கள் கிருமியோடு பொருவதால் விளைபவை. படையில்லாத கோட்டையிலே போரொலி ஏது? பகை உட்புகுந்ததற்குக் காய்ச்சல் ஒன்றே சான்றாக நிற்கும்.

கிருமி இன்னதென்று ஆய்வுகூடம் அறிவிக்க ஒன்றிரண்டு நாள் செல்லும். முன்னாளில் அதுவரை காத்திருந்த நோயாளர் பலர் மாண்டனர். 1971இல் அமெரிக்க வைத்தியர் சிலர், காய்ச்சல் கண்டவுடனேயே இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சேர்த்துக் கொடுத்து நற்பயன் கண்டதை வெளியிட்டனர். சோதனைக்குக் குருதி எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் நாளத்தினூடாக மருந்து செலுத்த வேண்டுமென்பதே இன்றைய விதி.

லுணுகலையிலும் ஹல்துமுல்லையிலும் உள்ள தோட்டங்களிலிருந்து மலைப்பாதையில் இறங்குவதற்கே அந்நேரம் கழிந்துவிடுமே என்பீர்கள். ஆகையாற்றான் ஆயத்தம் முன்னரே வேண்டும். வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். அதை வாசிக்கப் பள்ளிப் பிள்ளை போதும். வெப்பம் 38 பாகை செல்சியசைத் தொட்டால் புறப்படுங்கள். அளந்து பாராமுன் பனடோல் கொடுத்துக் காய்ச்சலை மறைக்க வேண்டாம். மிஞ்சிக் கிடக்கும் பழைய குளிசைகளையும் கொடுக்க வேண்டாம். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அது தாமதிக்குமாயின் தோட்டத்து வாகனத்துக்கு வழிசெய்யுங்கள்.

வைத்தியசாலை வாசலிலே முதலிற் சொல்ல வேண்டியது, “இவர் புற்றுநோய்க்கு மருந்தேற்றியவர், இன்று இத்தனையாம் நாள், காய்ச்சல் கண்டிருக்கிறது” என்பதே. இதனைச் சிங்களத்திலும் எழுதி, மருந்தேற்றிய திகதியோடு சிகிச்சை அட்டையில் இணைத்து வையுங்கள். வெறும் காய்ச்சல் என்று வரிசையில் நின்றுவிடாதீர்கள்.

மற்றைக் காய்ச்சல்கள் பலவற்றுக்குப் பொறுமை காட்டலாம்; இக்காய்ச்சலுக்கு விரைவே மருந்து.