தகட்டைப் பிடிக்கிறது யார்?

வீட்டுக் கொல்லையிலே சின்னதா ஒரு பட்டறை போட்டு, ஸ்டாண்டு செய்யறது, கேட்டுக்குக் கொண்டி வைக்கிறதுன்னு சிலர் இருப்பாங்க. டிரில் இருக்கும், கிரைண்டர் இருக்கும். தகட்டைப் பிடிச்சுக்க மட்டும் இடது கைதான்!

மெல்லிய தகட்டிலே ஓட்டை போடும்போது முதல்லே ஒண்ணும் தெரியாது. பிட்டோட நுனி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற நேரத்திலேதான் வம்பு. வெட்டுமுனை ஓட்டையின் விளிம்பைக் கொத்தி இழுக்கும். தகடு காத்தாடி மாதிரி சுத்தும். கையுறை போட்டிருந்தா இன்னும் மோசம், அதையும் சேர்த்துச் சுருட்டிக்கும். அடியிலே ஒரு மரக்கட்டை கொடுத்து, ரெண்டு சி கிளாம்ப் போட்டு மேசையோட முடுக்கிட்டா தகடு அசையாது.

அடுத்து வாங்க வேண்டியது, என்னைக் கேட்டா, பூட்டிக்கிற பிளையர்தான். அமெரிக்காவிலே, நெப்ராஸ்கா மாநிலத்திலே டிவிட்டுன்னு ஒரு சிற்றூர். டென்மார்க்கிலேருந்து வந்து அங்கே குடியேறிய கொல்லர் வில்லியம் பீட்டர்சன் 1924-லே இதுக்குக் காப்புரிமை வாங்கினார். வைஸ் கிரிப்புன்னு கடையிலே கேட்டாலே தெரியும். கைப்பிடியின் கடைசியிலே இருக்கிற திருகாணியிலே வாயின் அகலத்தை வச்சுக்கிட்டு ஒரு அமுக்கு அமுக்கினா, 'டக்'குன்னு பூட்டிக்கும். நீங்க கையை எடுத்துடலாம்.

வெல்டிங் வேலைன்னா ஒண்ணு கவனிங்க. பத்த வச்ச இடம் ஆறும்போது சுருங்கி, சட்டத்தையே கோணலா இழுக்கும். சூடு ஆறுற வரைக்கும் கிளாம்பைக் கழட்டாதீங்க.